பதினான்காம் கட்டம்

இனிமேல் டான்சோன் என்னும் ஜோடி நடனம் ஆட அட்டை வேண்டும் என்ற அறிவிப்பு மார்ச் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, வேரகுருஸ் நகரச் சதுக்கத்து இசைமேடையின் தெற்குத் தூணில் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் பசையைத் தாராளமாகத் தடவிவிட்டதால் முதல் இரண்டு வரிகள் ஊறிப்போய்ப் படிக்க முடியவில்லை. அரசாங்க அறிவிப்புகளில் முதல் இரண்டு வரிகள் மகிழ்ச்சி தெரிவிப்பதற்கானவை. ஆகையால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாம் வரியிலிருந்து விஷயம் வந்தது. நகர டான்சோன் மரபு ஒழுங்கமைப்பு மன்றம் என்று ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் டான்சோன் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஆடப்பட்டு வருவது அதன் கவனத்துக்கு வந்திருக்கிறது. ஜூன் முதல் தேதிக்குப் பிறகு, ‘மரபு ஏந்துநர்’ அட்டை இல்லாத எவரும் சதுக்கத்தின் ஆடுதளத்தில் கால் வைக்கக் கூடாது. அட்டை பெற விண்ணப்பம் ஒன்று, தேர்வு ஒன்று. விண்ணப்பத்தில் முப்பத்தொரு கட்டங்கள்.

நிகானோர் வால்தெஸ்பினோ அதை இரண்டு முறை படித்தார். துறைமுகத்தில் கரைக்கு வரும் கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கரைத்தூணில் மாட்டுவது அவருடைய வேலை. வயது ஐம்பத்து நான்கு. இரும்புக் கப்பல் ஒன்று தம் பக்கம் மெதுவாக நகர்ந்து வரும்போது பதறாமல் நிற்கத் தெரிந்தவர். காகிதம் நகர்ந்து வந்தால் மட்டும் கொஞ்சம் பதறுவார்.

“என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார் பக்கத்தில் வந்து நின்ற காசில்தா.

“ஆட அட்டை எடுக்கணுமாம், தோன்யா காசில்தா.”

“நிக்கிறதுக்கு?”

“அதப் பத்தி ஒண்ணும் போடல.”

“போடுவாங்க” என்றார் காசில்தா.

காசில்தா மருந்துக்கடையில் ஊசி போடுகிறவர். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பை நேரில் அறிந்தவர் என்பதால் எந்தப் பதவிக்காரரைக் கண்டும் அவருக்குப் பயம் வந்ததில்லை. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். நிகானோருடன் ஆடத் தொடங்கி ஒன்பது வருஷம். செவ்வாய், வியாழன், சனி, மாலை ஆறரைக்கு இருவரும் சதுக்கத்துக்கு வருவார்கள். எட்டரைக்குக் காசில்தா பஸ் ஏறுவார், நிகானோர் நடந்து வீட்டுக்குப் போவார்.

அன்றும் குழுத் தலைவர் எவரிஸ்தோ சமூதியோ புல்லாங்குழலை இறக்கிவிட்டு ஒலிபெருக்கி முன் வந்தார். “குடும்பத்தாரே, டான்சோன். அர்ப்பணம்: மீன் சந்தை ஹாசிந்தோவுக்கும் அவருடன் வந்திருப்போருக்கும்.” ஹாசிந்தோவுடன் யாரும் வரவில்லை. இருந்தாலும் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். முன்னிசை தொடங்கியது. யாரும் ஆடவில்லை.

டான்சோனில் இந்த முன்னிசை திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, வாத்தியக்காரர்களைப் பார்த்துப் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். பெண்கள் விசிறிக்கொள்வார்கள். ஆண்கள் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்கள். இருவரும் பேசுவார்கள். ஏறக்குறைய அரை நிமிடம். பிறகு குறிப்பிட்ட ஒரு தாளத் தட்டில் கை கோத்து ஆடத் தொடங்குவார்கள். ஆடும்போது பேச்சில்லை, பேசும்போது ஆட்டமில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் ஆடிவிட்டவனை வெளியூர்க்காரன் என்று மன்னித்துவிடுவார்கள். ஆட வேண்டிய நேரத்தில் நின்றுவிட்ட உள்ளூர்க்காரன் என்று ஒருவனும் அதுவரை இருந்ததில்லை.

நிகானோரின் வாழ்க்கையில் முக்கியமான காரியம் ஒன்று இந்த அரை நிமிடங்களில் நடந்துகொண்டிருந்தது. காசில்தாவிடம் கேட்க அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை காப்பிக்கடைக்கு அழைத்துப்போய், அந்தக் கடை வழக்கப்படி, பால் ஊற்றுகிறவரைக் கூப்பிடத் தம்ளரைக் கரண்டியால் தட்டினார். பால் வந்தது, வாக்கியம் வரவில்லை. சதுக்கத்தில், இருவரும் மேடையைப் பார்த்து நிற்கும்போது மட்டும் கொஞ்சம் வந்தது. முதல் இரண்டு வருஷம் ‘தோன்யா காசில்தா’ என்ற மரியாதை அழைப்பு வரை. அடுத்த நான்கு வருஷத்தில் ‘நான் நெனச்சது என்னன்னா’ சேர்ந்தது. இந்த வருஷம் பிறக்கும்போது வாக்கியம் ‘நாம ரெண்டு பேரும்’ என்ற இடத்துக்கு வந்திருந்தது. அந்த இடத்தில் தவறாமல் ஆட்டத்துக்கான தட்டு விழும். காசில்தாவின் கை இவர் தோளுக்கு வரும். இவர் ஆடப் போய்விடுவார். அதில் இவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டம் அந்த நிம்மதியைக் கெடுத்தது. ‘இணையருடன் உறவு’ என்று அதில் அச்சிட்டிருந்தது. கீழே நான்கு சிறு பெட்டிகள்: கணவன்–மனைவி, இரத்த உறவு, ஆசிரியர்–மாணவர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி.

மன்ற அலுவலகத்தின் ஆறாம் ஜன்னலில் ஒத்திலியா என்ற பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு கட்டங்களையும் பென்சில் முனையால் தொட்டுக்கொண்டே வந்தார். பென்சில் நின்றது.

“பதினாலு காலியா இருக்கு.”

“என்ன எழுதறதுன்னு தெரியலம்மா.”

“உங்களுக்குள்ள என்ன உறவு?”

நிகானோர் யோசித்தார். “செவ்வாய், வியாழன், சனி.”

“அது கிழமை. நான் கேட்டது உறவு.”

“எங்களுக்குள்ள இருக்கறது அதுதாம்மா.”

ஒத்திலியா தாளைத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் மறுபடி திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பேசாம சுற்றுலாப் பயணின்னு போட்டுடவா, தோன் நிகானோர்? அத யாரும் சரிபார்க்கறதில்ல.”

“அவங்க மீன் சந்தைக்குப் பின்னால குடியிருக்காங்கம்மா. ஊர்ல எல்லாருக்கும் ஊசி போடறவங்க.”

“அப்ப உண்மையத்தான் எழுதணும். அதுக்குக் கொஞ்சம் நாளாகும் போலிருக்கு.” அவர் ‘தற்காலிகம்’ என்ற முத்திரையை எடுத்துக் குத்தினார். “தேர்வு அன்னிக்கு நான் கோப்போட வருவேன். கடைசி சுரம் முடியறதுக்குள்ள பதினாலச் சொல்லணும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் அட்டை கெடையாது.”

“அட்டை இல்லேன்னா?”

“கிழமையும் கெடையாது” என்றார் ஒத்திலியா.

இருபத்திரண்டாம் கட்டம் வேறு வகையான சிக்கல். முன்னோர்கள் டான்சோன் ஆடியதற்கு ஆவணச் சான்று தர வேண்டும். கப்பல் மூட்டை தூக்கியவர்களும் துணி வெளுத்தவர்களும் குடியிருப்பு முற்றத்தில், நெருக்கடிக்குள், ஒரே ஒரு செங்கல் அளவு இடத்தில் ஆடிய ஆட்டம் இது. ஆவணம் எங்கிருந்து வரும்? ஒரு வாரம் ஊரே தவித்தது. பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள். மன்றம் இயங்குகிற கட்டடம் முன்காலத்தில் பொது ஒழுக்கக் காவல் நிலையமாக இருந்தது. டான்சோன் ஆடியவர்களைப் பிடித்துவந்து எழுதிவைத்த பதிவேடுகள், பதினோரு தொகுதிகள், அடித்தளத்தில் அப்படியே இருந்தன.

ஊர் வரிசையில் நின்றது. நிகானோரின் கொள்ளுத்தாத்தா மூன்றாம் தொகுதியில் கிடைத்தார். ‘லோரென்சோ வால்தெஸ்பினோ, கியூபாவிலிருந்து வந்த கறுப்பர், சுமையாள், வயது இருபத்தாறு. ஒழுக்கக்கேடான டான்சோன் என்பதை, பெண்ணின் இடுப்பில் கை வைத்து, அவசரமின்றி ஆடியதற்காக ஏழு நாள் சிறை.’

“அவசரமின்றின்னு போட்டிருக்கு” என்றார் நிகானோர், கொஞ்சம் பெருமையோடு.

காசில்தாவின் கொள்ளுப்பாட்டி பெத்ரோனிலா நான்கு தடவை எழுதப்பட்டிருந்தார். மூன்று தடவை முற்றத்தில் ஆடியதற்காக. நான்காவது, சிறை முற்றத்தில் ஆடியதற்காக.

“நாலா? வாழ்த்துகள்” என்றார் ஒத்திலியா, நகலில் சான்றொப்பம் இட்டபடி. “காலையில ஒரு அம்மா ஒரு தடவைகூட இல்லேன்னு அழுதுட்டுப் போனாங்க. மரியாதையான குடும்பமாம். பாவம்.”

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே கையெழுத்து இருந்தது: குற்றவியல் நடுவர் அல்கோசெர். மன்றத் தலைவரின் பெயர், படித்தவருக்கான ‘லிசென்சியாதோ’ பட்டத்தோடு, ருபெர்த்தோ அல்கோசெர். இது தற்செயலாக இருக்கலாம் என்று நிகானோர் நினைத்தார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நடந்த தொடக்க விழாவில் தலைவரே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார்.

“எங்கள் குடும்பம் நான்கு தலைமுறைகளாக டான்சோனைப் பதிவு செய்து வருகிறது” என்றார். “என் முப்பாட்டனார் ஒருவரைக்கூட விட்டதில்லை.”

கை தட்டுவதற்கென்று முன்வரிசையில் உட்கார்த்தப்பட்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“டான்சோன் ஏழைகளின் முற்றங்களில் வளர்ந்தது. அங்கிருந்து அதை மீட்டதே நம் முதல் சாதனை. இது ஹைட்டியிலிருந்து தப்பி வந்தவர்களோடு கியூபாவுக்கும், கியூபாவிலிருந்து தப்பி வந்தவர்களோடு நமக்கும் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். ஆப்பிரிக்கத் தாளம் என்றும் சொல்கிறார்கள். நம் வரலாற்றுக் குழு ஆறு மாதம் ஆராய்ந்தது. அவையெல்லாம் வெறும் வழி என்றும், புறப்பட்ட இடம் ஓர் ஐரோப்பிய அரண்மனை என்றும் ஐந்துக்குப் பூஜ்யம் என்ற வாக்குக் கணக்கில் முடிவு செய்தது. இனி எவரும் வேறு மாதிரி வந்திருக்க முடியாது.

“மரபுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? அதைத் தினமும் ஆடுகிறவர்களிடமிருந்து. அருங்காட்சியகத்தில் இருக்கும் குடத்தில் யாராவது தண்ணீர் பிடிக்கிறார்களா? ஆனால் டான்சோனில் எல்லாரும் பிடிக்கிறீர்கள். தேய்ந்துவிடாதா?”

அடுத்து இஞ்சினியர் தெரேசோ மேடையேறினார். மன்றத்தின் அளவீட்டு அதிகாரி. கழுத்தில் ஒரு நிறுத்தக் கடிகாரமும் ஒரு விசிலும் தொங்கின. நாற்பது டான்சோன்களை அளந்ததில், மூன்றில் ஒரு பங்கு நேரம் யாரும் ஆடவில்லை என்பதைத் தாம் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். அந்த நேரத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்றும் ஆராய்ந்திருந்தார். பேசுகிறார்கள். பேச்சின் பொருள்: மூட்டுவலி, மருமகள், மீன்.

“பயணக் கப்பலில் வருகிறவர்கள் நடனம் பார்க்க வருகிறார்கள்” என்றார் தலைவர். “மூட்டுவலி பார்க்க அல்ல. ஆகையால் இடைநிற்றல் விதி ஒன்று. இடைநிற்றலின்போது உதடுகள் மூடியிருக்கும். பற்கள் தெரியும்.”

சபையில் சிலர் முயன்று பார்த்தார்கள்.

“விதி இரண்டு. இருவருக்கும் இடையே நாற்பது சென்டிமீட்டர். விதி மூன்று. விசிறி நான்காம் தட்டில் விரியும், இருபதாம் தட்டில் மூடும். வியர்வையின் அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. விதி நான்கு. குழுத் தலைவர் யாருக்கு அர்ப்பணம் செய்கிறார் என்பதை ஐந்து வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘உடன் வந்திருப்போர்’ பெயர்ப் பட்டியலோடு.”

மேடை ஓரத்தில் நின்ற எவரிஸ்தோ தம் புல்லாங்குழலின் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசில்தா எழுந்தார். “ஒரு சந்தேகம், லிசென்சியாதோ. அரை நிமிஷம் வாயத் தெறக்காம, அசையாம நிக்கறது மனுஷனால ஆகுமா?”

“பயிற்சி இருந்தால் ஆகும், அம்மா.”

“போன மாசம் எங்க கடைக்கு ஊசி போட்டுக்க வந்தீங்களே, அப்பப் பயிற்சி ஆரம்பிக்கலையா? அஞ்சு விநாடிதான். தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு.”

சபை சிரித்து முடிக்க நேரமாயிற்று. அந்த நேரத்தையும் இஞ்சினியர் அளந்து குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஏழு வாரம் பயிற்சி. மாலை ஆறரைக்கு முன்னிசை தொடங்கும், ஆட்கள் நிற்பார்கள், இஞ்சினியர் தெரேசோ அவர்களுக்கு நடுவே அளவுகோலோடு நடப்பார். உதடு அசைந்தால் விசில். தையற்கடைத் தம்பதியில் மனைவி தும்மினார். கணவர் வழக்கம்போல “ஆரோக்கியம்” என்றார். தும்மலுக்கு ஒரு மதிப்பெண்ணும் வாழ்த்துக்கு மூன்று மதிப்பெண்ணும் குறைந்தன. வாழ்த்து வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று இஞ்சினியர் விளக்கினார்.

நிகானோர் உதட்டை மூடிக்கொண்டு பல்லைக் காட்ட முயன்று தாடை வலி கண்டார். அதைவிடப் பெரிய வலி வேறொன்று. ஒன்பது வருஷமாக நகர்ந்து வந்த வாக்கியம் நடுக்கடலில் இயந்திரம் நின்ற கப்பல்போல நின்றுவிட்டது. பேசாதிருந்தால் பின்னுக்குக்கூடப் போகும் போலிருந்தது. ஒரு வியாழக்கிழமை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ‘நான் நெனச்சது’ வரைதான் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் காசில்தா கேட்டார். “பதினாலுல என்ன போட்டீங்க?”

“இன்னும் போடல. நீங்க?”

“எனக்கும் காலிதான். ஆசிரியர்–மாணவர்னு போட்டுத் தொலைச்சிடலாமா? அட்டையாவது கெடைக்கும்.”

“போடலாம்” என்றார் நிகானோர். பிறகு, “வேண்டாம்” என்றார். பிறகு, “நாளைக்கு வடக்கத்திக் காத்து அடிக்கும்போல. கப்பல் ஒண்ணும் உள்ள வராது” என்றார்.

பஸ் வருகிறதா என்று காசில்தா எட்டிப் பார்த்தார். “வரவேண்டிய கப்பல் ஒண்ணு ஒம்போது வருஷமா வெளிய நங்கூரம் போட்டு நிக்குது, தோன் நிகானோர். காத்து மேல பழி போடாதீங்க.” பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

தேர்வு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை. ஆடுதளத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, அதன் பின்னால் ஐந்து நடுவர்கள், நடுவில் தலைவர் அல்கோசெர். தளத்தின் மத்தியில் சுண்ணாம்பால் ஒரு செங்கல் வரைந்திருந்தது. ஜோடி ஜோடியாகச் சங்கிலிக்குள் போய் அந்தச் செங்கல்லின் மேல் ஆட வேண்டும். மொத்தம் இருபத்தாறு ஜோடிகள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் விண்ணப்பம். புழுக்கம் தாங்கவில்லை, ஆனால் விசிறி நான்காம் தட்டில்தான் விரியலாம்.

நிகானோரும் காசில்தாவும் பதினேழாம் ஜோடி. மாலை ஏழு மணிக்கு அழைத்தார்கள். ஒத்திலியா கோப்போடு சங்கிலி ஓரம் வந்து நின்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

எவரிஸ்தோ தாளைப் பார்த்துப் படித்தார். “அனுமதி எண் நாற்பத்தேழின்படி, டான்சோன். அர்ப்பணம்: மன்றத்துக்கு. உடன் வந்திருப்போர்: இல்லை.”

முதல் முன்னிசையில் நிகானோர் விதிப்படி நின்றார். உதடு மூடியிருந்தது. நாற்பது சென்டிமீட்டர் இருந்தது. இஞ்சினியர் தலையசைத்தார். ஆடும் தட்டு விழுந்தது, ஆடினார்கள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல், அவசரமின்றி ஆடினார்கள். தலைவரே தாளில் ஏதோ நல்லதாக எழுதினார்.

இரண்டாம் முன்னிசை வந்தது. காசில்தா நான்காம் தட்டில் விசிறியை விரித்தார். அவருடைய நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்குவதை நிகானோர் பக்கவாட்டில் பார்த்தார். அவர் துடைக்கவில்லை. துடைக்க விதியில் இடமில்லை. பல்லைக் காட்டியபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பெத்ரோனிலாவின் கொள்ளுப்பேத்தி, எல்லாருக்கும் ஊசி போடுகிறவர், தம்மால் இப்படி நிற்கிறார் என்பது நிகானோருக்கு உறைத்தது. தாம் கேட்டிருந்தால் இந்தக் கட்டத்தை எப்போதோ நிரப்பியிருக்கலாம்.

“தோன்யா காசில்தா” என்றார்.

விசில் அடித்தது.

“நான் நெனச்சது என்னன்னா.”

விசில் இரண்டு தடவை அடித்தது. காசில்தா பல்லை மூடினார்.

“நாம ரெண்டு பேரும்” என்றார் நிகானோர்.

அந்த இடத்தில் தவறாமல் விழுகிற தட்டு அன்றும் விழுந்தது. காசில்தாவின் கை பழக்கத்தால் தோள்வரை எழுந்தது. நிகானோரின் கால்கள் முப்பது வருஷமாக அந்தத் தட்டைத் தவறவிட்டதில்லை. அன்று அவர் கால்களைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார், கரைத்தூணைப் போல. சங்கிலிக்கு வெளியே இருந்த கூட்டம் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது.

மேடையிலிருந்து எவரிஸ்தோ பார்த்தார். ஜோடிகள் மேடையைப் பார்த்து நிற்பார்கள் என்பதால், மேடையில் இருக்கிறவர்களுக்கு உதடுகள் தெரியும். ஒன்பது வருஷமாக அந்த வாக்கியம் வளர்வதைப் புல்லாங்குழல்காரரும், வயலின்காரர்கள் இருவரும், மேளக்காரரும், சுரைக்காய் வாத்தியம் சுரண்டுகிறவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இத்தனை நாளும் அதை வெட்டியது தங்கள் வாத்தியம்தான் என்ற உறுத்தலும் அவர்களுக்கு இருந்தது. எவரிஸ்தோ குழலை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றினார். குழு நடுவே நிறுத்தி, முன்னிசையை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இஞ்சினியர் விசிலை நிறுத்தாமல் ஊதினார். மேளக்காரர் அதைக் கவனித்துக் கேட்டுவிட்டு, இடைவெளிகளில் சரியாகத் தட்டத் தொடங்கினார். விசில் நன்றாகவே பொருந்தியது.

“சொல்லுங்க” என்றார் காசில்தா. விசிறியை மூடி, அதன் நுனியால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

“நாம ரெண்டு பேரும்” என்று மறுபடி தொடங்கினார் நிகானோர். முன்னிசை முடிந்து மூன்றாம் முறை தொடங்கியது. அதற்குள் தையற்கடைக்காரர் சங்கிலியைத் தூக்கிப் பிடிக்க, அவர் மனைவி குனிந்து உள்ளே வந்தார். இருவரும் செங்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று உரக்கப் பேசினார்கள். பின்னாலேயே ஹாசிந்தோ, அவருக்குப் பின்னால் மற்றவர்கள். இருபத்தாறு ஜோடிகளும் ஆடுதளத்தில் நின்று மூட்டுவலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசினார்கள். தையற்கடை அம்மாள் வேண்டுமென்றே ஒரு தும்மல் போட்டார். ஐம்பது பேர் “ஆரோக்கியம்” என்றார்கள்.

அந்தச் சத்தத்தில் நிகானோருக்குத் தைரியம் வந்தது. “நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?” என்றார். “கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தான்.”

“இதச் சொல்ல ஒம்போது வருஷமா?”

“நேரம் பத்தல.”

“சரின்னு சொல்ல நான் ரெண்டாம் வருஷத்துலயே வாயத் தெறந்தேன்” என்றார் காசில்தா. “ஒவ்வொரு தடவையும் நீ பாதியில விட்டுட்டு ஆடப் போயிட்ட.”

அவர் ‘நீ’ என்று சொன்னது நிகானோரின் காதில் விழுந்து உள்ளே போக இன்னும் ஒரு முன்னிசை பிடித்தது.

“அப்ப இப்ப ஆடலாமா?” என்றார்.

“இரு. நிக்கறது நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் நிப்போம்.”

நின்றார்கள். ஐந்தாம் முறை முன்னிசை முடிந்ததும் காசில்தா மேடையைப் பார்த்துத் தலையசைத்தார். ஆட்டத்துக்கான தட்டு விழுந்தது. ஐம்பத்திரண்டு பேரும் ஒரே கணத்தில் கை கோத்து ஆடினார்கள். சுண்ணாம்புச் செங்கல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைசிச் சுரத்தில் எல்லாரும் சரியாக நின்றார்கள், வழக்கப்படி மேடையைப் பார்த்து. அதனால் நடுவர்களுக்கு ஐம்பத்திரண்டு முதுகுகள் கிடைத்தன.

தலைவர் அல்கோசெர் எழுந்தார். முகம் சிவந்திருந்தாலும் குரல் அலுவலகத்தில் இருப்பது போலவே இருந்தது.

“பதினேழாம் ஜோடி. இடைநிற்றலில் பேசிய நேரம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. எங்கள் படிவத்தில் முப்பது விநாடிக்கு மேல் எழுத இடமில்லை. ஆகையால் இது நடக்கவில்லை. இருந்தாலும் பதிவுக்காகக் கேட்கிறேன். என்ன பேசினீர்கள்?”

“அதுதான் பதினாலாம் கட்டத்துக்குப் பதில்” என்றார் காசில்தா.

ஒத்திலியா பேனாவைத் தாளில் வைத்தார். சதுக்கம் அடங்கியது.

“நல்லது” என்றார் தலைவர். “சொல்லுங்கள்.”

“உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாவிட்டால் அட்டை கிடையாது.”

“அட்டை எங்களுக்கு எதுக்கு?” காசில்தா கைப்பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். “உங்க முப்பாட்டன் எங்க கொள்ளுப்பாட்டிக்கு எழுதிக் குடுத்தது. நாலும் சான்றொப்பம் போட்ட நகல். அவங்க ஆடினதுக்கு அத்தாட்சி வெச்சது நீங்க. வர்ற செவ்வாய்க்கிழமை நாங்க இங்க வந்து ஆடுவோம், நிப்போம், பேசுவோம். அஞ்சாவது ஒண்ணு எழுதணும்னா எழுதிக்குங்க. பேனா வேணுமா?”

தலைவர் நான்கு தாள்களின் அடியிலும் இருந்த தம் குடும்பக் கையெழுத்தைப் பார்த்தார். ஒத்திலியா தம் பேனாவை எடுத்து மூடினார். அந்தச் சின்னச் சத்தம் சதுக்கம் முழுவதும் கேட்டது. பிறகு அவர் கோப்பிலிருந்து வெற்று விண்ணப்பம் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும்தான் மற்றவர்களுக்கும் தங்கள் கையில் இருப்பது நினைவு வந்தது. இருபத்தாறு ஜோடிகளும் விண்ணப்பங்களால் விசிறிக்கொண்டார்கள். அரசாங்கத் தாள் தடிமனானது. காற்று நன்றாக வந்தது. இஞ்சினியர் தெரேசோ எத்தனையாவது தட்டில் விசிறத் தொடங்கினார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தார். அது எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியவில்லை.

எவரிஸ்தோ அனுமதித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார்.

“குடும்பத்தாரே, டான்சோன். அர்ப்பணம்: பதினான்காம் கட்டத்துக்கும், அதனுடன் வந்திருப்போருக்கும்.”

முன்னிசை தொடங்கியது. சதுக்கத்தில் ஒருவர்கூட ஆடவில்லை. எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.